வழி மனப்பாடம்

பால் சொசைட்டியில் சாயங்காலப் பால் ஊற்றி முடிந்து, கேன்களை வேன் ஏற்றிக்கொண்டு போனதும், சாரதாமணி வராந்தாவைத் தண்ணீர் விட்டுக் கழுவிப் பாய் விரித்துவிடுவாள். ஆறு மணிக்கு வகுப்பு ஆரம்பம், ஏழரைக்கு முடியும். பொங்கலூருக்குத் தெற்கே இருந்த அந்த ஊரில், ஒரு அறக்கட்டளை நடத்திய மாலை வகுப்புக்கு அவள்தான் டீச்சர். பள்ளிக்கூடத்தில் பின்தங்கிப்போன பிள்ளைகளுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கவும், கூட்டல் கழித்தல் போடவும் சொல்லித்தர வேண்டும். இருபத்திரண்டு பிள்ளைகள் வந்தார்கள்.

சாரதாமணி பன்னிரண்டாவது முடித்தவள். மேலே படிக்கக் கேட்டாள்; வீட்டில் விடவில்லை. கல்யாணம் ஆகும்வரை ஆறு வருடம் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தாள். தைத்து வரும் பீஸில் ஊசி ஓட்டையோ, எண்ணெய்க் கறையோ, தையல் நழுவின இடமோ அவள் கண்ணுக்குத் தப்பியதில்லை. அங்கே யாரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "ஏம்மா செக்கிங்கு" என்பார்கள். இந்த வராந்தாவுக்கு வந்த பிறகுதான் அவளை இருபத்திரண்டு பேர் "மிஸ்" என்றார்கள். முதல் வாரம் அந்த வார்த்தையைக் கேட்கும்போதெல்லாம் அவளுக்குக் கூச்சமாக இருந்தது. பிறகு அது இல்லாமல் சாயங்காலம் போகாது என்றாகிவிட்டது.

அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி அனுப்பிரியா. ஒன்பது வயது, நாலாம் வகுப்பு. ஆண்டிபட்டிப் பக்கமிருந்து பிழைக்க வந்த குடும்பம். அப்பா தவசி கம்பெனியில் டெய்லர். அம்மா மூக்கம்மாள் வீட்டிலேயே மூட்டை மூட்டையாகப் பனியன் வாங்கிவைத்துப் பிசிறு வெட்டிக் கொடுப்பாள். ஊருக்கு வெளியே தோட்டத்துக்காரர் ஒருவர் வரிசையாகக் கட்டி வாடகைக்கு விட்டிருந்த லைன் வீடுகளில் ஒன்றில் இருந்தார்கள். பால் சொசைட்டியிலிருந்து அங்கே போக இரு பக்கமும் வேலி அடைத்த இட்டேரிப் பாதை வழியாகக் கால் மணி நேரம் நடக்க வேண்டும்.

ஜூன் மாதம் வந்து சேர்ந்தபோது அனுவுக்குத் தன் பெயரைத் தவிர எதையும் எழுதத் தெரியாது. தீபாவளிக்குள் அவள் கையில் கிடைத்ததையெல்லாம் படித்தாள். சொசைட்டிச் சுவரில் ஒட்டியிருந்த மாட்டு வைத்திய நோட்டீஸைப் படித்தாள். தீவனச் சாக்கில் இருந்ததைப் படித்தாள். வீட்டில் அவளுடைய அம்மா பேசுவது மதுரைப் பக்கத்துப் பேச்சு. இவளோ பள்ளிக்கூடத்தில் பழகி, ஊர்ப்பிள்ளை போலவே இழுத்துப் பேசுவாள்.

"மிஸ், இதுல 'கோமாரி'ன்னு போட்டிருக்குதுங்க. கோமாரின்னா என்னங்க மிஸ்?"

அப்படி ஒரு பிள்ளை கிடைத்தால் சொல்லித்தருகிறவளுக்கு வேறென்ன வேண்டும்? சாரதாமணி இரவு சோற்றுக்கு உலை வைக்கும்போதுகூட அனுவைப் பற்றித்தான் கணவன் வெள்ளியங்கிரியிடம் பேசினாள்.

ஆனால் ஒரு பழக்கம் மட்டும் அவளுக்குப் பிடிக்கவில்லை. அனு வகுப்பு முடியும்வரை இருக்க மாட்டாள். ஆடி ஆவணியில் ஆறே முக்கால் வாக்கில் எழுந்தாள். ஐப்பசியில் ஆறேகாலுக்கே எழுந்தாள். கார்த்திகை பிறந்ததும் வந்து உட்கார்ந்த கொஞ்ச நேரத்திலேயே புத்தகத்தை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டு நெளிவாள்.

"மிஸ், வயிறு வலிக்குதுங்க."

"மிஸ், அம்மா சீக்கிரம் வரச் சொன்னாங்க."

"மிஸ், தம்பி தனியா இருக்கானுங்க."

அவளுக்குத் தம்பி கிடையாது. சாரதாமணிக்கு அது தெரியும். கெட்டிக்காரத்தனம் கூடக்கூடப் பொய்யும் கூடுகிறது என்று நினைத்தாள். போகும்போதும் அனு மற்றப் பிள்ளைகளைப் போல ஓடுவதில்லை. வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே, ஒவ்வொரு காலாக எண்ணி எண்ணி வைத்துப் போவாள். "என்ன கண்ணு, இப்பிடி நடக்கறே? நொண்டி வெளையாட்டா?" என்று ஒருநாள் கேட்டாள். அனு சிரித்தாள். இன்னொரு நாள், எதிரே இருந்த காலிக் கேன் மேல் மோதி விழுந்தாள். பிள்ளைகள் சிரித்தார்கள். சாரதாமணியும் சிரித்தாள்.

மார்கழி ஐந்தாம் தேதி அறக்கட்டளையிலிருந்து நாலு பேர் வகுப்பைப் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார்கள். பிள்ளைகள் எந்த அளவு படிக்கிறார்கள் என்று சோதித்து எழுதிக்கொண்டு போவார்கள். நன்றாக நடக்கிற வகுப்பு என்றால் அடுத்த வருடம் சாரதாமணியைச் சுற்றுவட்டாரத்துக்கே பொறுப்பாகப் போடலாம் என்று பேச்சிருந்தது. அவள் ஒரு வாரமாக அனுவுக்கு ஒரு கதையை ஏற்ற இறக்கத்தோடு படிக்கப் பழக்கினாள். அன்று காட்டன் புடவை கட்டிக்கொண்டு, பாயில் பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்துக் காத்திருந்தாள்.

அறக்கட்டளைக்காரர்களின் வேன் வரத் தாமதமாயிற்று. ஆறு மணிக்கு வர வேண்டியவர்கள் ஆறே முக்காலுக்குத்தான் வந்தார்கள். அதற்குள் யாரிடமும் சொல்லாமல் அனு போயிருந்தாள். அவள் உட்கார்ந்திருந்த இடத்தில் கதைப் புத்தகம் மட்டும் கிடந்தது. அவளுக்குப் பதிலாக எழுந்த பையன் முதல் வரியிலேயே திக்கித் திக்கி நின்றுவிட்டான். வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வை கம்பெனியில் தன் மேஜை தாண்டிப்போன பீஸ் ஒன்று திரும்பி வந்ததுபோல அவளைக் குத்திற்று.

மறுநாள் காலையில், தவசி வேலைக்குக் கிளம்பும் முன்பே லைன் வீட்டுக்குப் போய் நின்றாள்.

"ஏனுங்க, உங்க புள்ளைக்குப் படிப்பு வேணுமா வேண்டாமாங்க? தெனமும் ஒரு பொய் சொல்லிட்டு ஓடியார்றா. இல்லாத தம்பிய இருக்கறான்னு சொல்றா. நேத்து அத்தன பேரு முன்னால என்ற மானத்த வாங்கிட்டா."

மூக்கம்மாள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "அவளுக்கு ராத்திரியில கொஞ்சம் தடுமாத்தம் டீச்சர், பிசிறு வெட்டச் சொன்னாக்கூட துணியையே வெட்டிப்புடுறா..."

"ஆமா, டிவி பாக்குறப்ப மட்டும் தடுமாத்தம் வராது" என்றான் தவசி. சாரதாமணியைப் பார்த்து, "நீங்க போங்க டீச்சர். நான் பாத்துக்கிர்றேன்" என்றான்.

இட்டேரியில் கொஞ்ச தூரம் வந்ததும் பின்னால் பிள்ளையின் அலறல் கேட்டது. சாரதாமணி நின்றாள். திரும்பிப் போகலாமா என்று நினைத்தாள். பெற்றவன் கண்டிக்கிறான், இரண்டு அடி விழுந்தால் புத்தி வரும் என்று நடந்தாள். அந்த நடையை அவள் பிறகு எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்தாள். திரும்பிப் போயிருந்தால் இருபது எட்டுதான்.

அன்று சாயங்காலம் அனு வந்தாள். முழங்காலுக்குக் கீழே சிவந்து தடித்திருந்தது. ஆறரை ஆயிற்று, ஏழு ஆயிற்று, அசையாமல் உட்கார்ந்திருந்தாள். சாரதாமணிக்கு ஒருபக்கம் பாவமாக இருந்தாலும், சொன்ன சொல் எடுபட்டதில் உள்ளுக்குள் ஒரு திருப்தி. ஏழரைக்கு எல்லாரையும் அனுப்பினாள். லைன் வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேர் முன்னால் ஓடினார்கள். அனு பின்னால் எண்ணிக்கொண்டே நடந்தாள்.

குடிநீர்க் குழாய் பதிக்க அன்று மத்தியானம்தான் இட்டேரியின் குறுக்கே குழி வெட்டியிருந்தார்கள். முன்னால் போன பிள்ளைகள் தாண்டிக் குதித்துப் போய்விட்டார்கள்.

சத்தம் கேட்டுத் தோட்டத்துக்காரர்கள் ஓடிவந்து தூக்கினார்கள். சாரதாமணி பாய் சுருட்டிக்கொண்டிருந்தவள் அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். வெள்ளியங்கிரிதான் அனுவையும் அவளைப் பெற்றவர்களையும் சாரதாமணியையும் தன் சரக்கு ஆட்டோவில் ஏற்றித் திருப்பூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். வலது கை மணிக்கட்டில் எலும்பு முறிவு. நெற்றியில் நாலு தையல்.

கட்டுப் போட்ட டாக்டர் சின்ன வயதுப் பெண். "எப்படிம்மா விழுந்தே? குழி தெரியலையா?" என்று சாதாரணமாகத்தான் கேட்டார்.

"நேத்து அங்க குழி இல்லீங்க" என்றாள் அனு.

"இன்னைக்கு இருந்துச்சே. முன்னால போனவங்க பார்த்துத் தாண்டிட்டாங்களே."

"அவங்க நல்லா மனப்பாடம் பண்ணியிருப்பாங்க."

டாக்டருக்குப் புரியவில்லை. பக்கத்தில் நின்ற சாரதாமணிக்கும் புரியவில்லை. அனு பொறுமையாக விளக்கினாள். இருட்டிவிட்டால் யாருக்கும் ஒன்றும் தெரியாது அல்லவா? அதனால் எல்லாரும் வழியை மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்கள். அவளும் செய்துகொண்டுதான் இருந்தாள். சொசைட்டிப் படியிலிருந்து வேப்பமரம்வரை அறுபத்தெட்டு. அங்கிருந்து வளைவுவரை நூற்றுப் பத்து. பாதியில் எண்ணிக்கை தவறிவிட்டால் பயமாக இருக்கும். அதனால்தான் வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்குப் போய்விடுவாள். வாய்ப்பாட்டைப் போல வழியும் மற்றவர்களுக்குச் சீக்கிரம் மனப்பாடமாகிவிடுகிறது, தனக்கு மட்டும் வரவில்லை என்று அவளுக்கு வெட்கம்.

டாக்டர் எழுந்து அறை விளக்கை அணைத்தார். ஜன்னல் வழியாக வராந்தா வெளிச்சம் வந்துகொண்டிருந்தது. அதில் எல்லாரும் எல்லாரையும் பார்க்க முடிந்தது.

"அம்மா எங்க நிக்கிறாங்க, காட்டு பார்ப்போம்."

அனு சுற்றிலும் முகத்தைத் திருப்பினாள். மூக்கம்மாள் இரண்டடி தள்ளி நின்றாள். அனு வேறு திசையில் கையை நீட்டி, "அம்மா, பேசும்மா" என்றாள்.

மூக்கம்மாள் சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாள். தவசி சுவரோடு சாய்ந்து மெல்லக் கீழே உட்கார்ந்தான்.

கோயம்புத்தூரில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் மூன்று தடவை போய்வந்து சோதித்த பிறகு விஷயம் தெளிவாயிற்று. விழித்திரையில் பிறவியிலேயே வந்த நோய். முதலில் இருட்டில் தெரியாது. பிறகு பக்கவாட்டில் தெரியாது. இப்போதே பகலில்கூட ஒரு குழாய் வழியாகப் பார்ப்பதுபோல நேரே இருப்பது மட்டும்தான் தெரிகிறது. அந்தக் குழாயும் வருடத்துக்கு வருடம் சுருங்கும். மருந்து இல்லை, ஆபரேஷன் இல்லை.

"எத்தன வருசம் சார்?" என்று கேட்டாள் மூக்கம்மாள்.

"உறுதியாச் சொல்ல முடியாதும்மா. அஞ்சு வருசமோ ஆறு வருசமோ. இப்பவே வேற விதமாப் படிக்கப் பழக்கிடுங்க."

வீட்டுக்கு வந்த தவசி இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை. பிள்ளையின் காலில் தான் அடித்த இடத்தில் தேங்காய் எண்ணெய் தடவித் தடவி விட்டான். அங்கே காயம் ஆறி வாரங்கள் ஆகியிருந்தன.

விஷயம் தெரிந்த அன்று சாயங்காலம் சாரதாமணி வகுப்பை விட்டுவிட்டு வீட்டில் படுத்துக் கிடந்தாள். வாசலில் "மிஸ்" என்று குரல் கேட்டது. வெயில் இன்னும் இருந்தது. கையில் மாவுக்கட்டோடு அனு நின்றாள். முகமெல்லாம் சிரிப்பு. இரைக்க இரைக்க ஓடிவந்திருந்தாள்.

"மிஸ், நான் பொய் சொல்லலீங்க. டாக்டரே எழுதிக் குடுத்துட்டாருங்க. எனக்கு நெசமாவே தெரியாதாமுங்க. எங்கப்பாகிட்டயும் சொல்லிட்டாருங்க. இனி யாரும் என்னைய அடிக்க மாட்டாங்க மிஸ்."

சாரதாமணி அவளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அந்தக் குழந்தைக்கு நோய் என்னவென்று யாரும் முழுதாகச் சொல்லியிருக்கவில்லை. ஒரு பழி நீங்கியது மட்டும்தான் அவளுக்குத் தெரிந்திருந்தது.

"கண்ணு, மிஸ்ஸு மேல கோவமா?"

"எதுக்குங்க?"

"உங்கப்பாகிட்ட வந்து சொன்னனில்ல."

அனு கொஞ்சம் யோசித்தாள். "நீங்க என்ற நல்லதுக்குத்தானுங்க சொன்னீங்க" என்றாள். பெரியவர்கள் சொல்லிக்கொடுத்த வார்த்தை அது. அதைவிட அந்தப் பிள்ளை தன்னை ஓங்கி அறைந்திருந்தால் தேவலை என்று சாரதாமணிக்குத் தோன்றியது.

அதற்குப் பிறகு அவள் தன்னால் ஆனதையெல்லாம் செய்தாள். அறக்கட்டளைக்காரர்களிடம் தான் அனுவைப் பற்றிப் புகார் சொன்னதை ஒளிக்காமல் சொல்லி, வகுப்பில் எல்லாப் பிள்ளைகளுக்கும் கண் சோதிக்கவைத்தாள். நாலு பேருக்குக் கண்ணாடி வந்தது. அதைப் பார்த்து அவர்கள் சுற்றுவட்டாரப் பொறுப்பைக் கொடுக்க வந்தபோது வேண்டாம் என்றுவிட்டாள். சனி ஞாயிறு பகலில் லைன் வீட்டுக்கே போய் அனுவோடு உட்கார்ந்தாள். மூக்கம்மாள் ஒருபுறம் பிசிறு வெட்டிக்கொண்டிருப்பாள். சாரதாமணிக்குக் காப்பி வைத்துக் கொடுப்பாள். அதிகம் பேச மாட்டாள். அனு விரலை வரியின் மேல் நகர்த்தி நகர்த்திப் படிப்பாள். நேரே இருந்த எழுத்துகளை மட்டும் அந்தக் கண்கள் ஒவ்வொன்றாகப் பிடித்தன. பங்குனிக்குள் ஆறாம் வகுப்புப் புத்தகத்தைப் படிக்கிற அளவுக்கு வந்துவிட்டாள். அவள் வேகமாகப் படிக்கப் படிக்க சாரதாமணிக்கு நெஞ்சு கனத்தது.

ஜூன் மாதம், கோயம்புத்தூரில் பார்வையற்ற பிள்ளைகள் தங்கிப் படிக்கிற பள்ளிக்கூடத்தில் சேர்க்க இடம் கிடைத்தது. தவசி வரவில்லை. பிள்ளையைக் கொண்டுபோய் விடுகிற தெம்பு தனக்கு இல்லை என்றான். மூக்கம்மாளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பதால் சாரதாமணி கூடப் போனாள்.

அங்கே சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிறவர் அர்த்தநாரி என்ற வாத்தியார். அவருக்கும் பார்வை கிடையாது. புள்ளி எழுத்துத் தாளை அனுவின் முன் வைத்து, தடவிப் பார்க்கச் சொன்னார். அனு தலையைக் குனிந்து, தாளை வெளிச்சத்தின் பக்கம் சாய்த்து, புள்ளிகளை எண்ணிச் சொல்லிவிட்டாள்.

அர்த்தநாரி சிரித்தார். "தாள் அசையற சத்தம் கேட்டுது சாமி. நீ கண்ணால படிக்கறே. அந்தக் கண்ண நம்பி இங்க படிக்கக் கூடாது."

ஒரு கைக்குட்டையை மடித்து அவள் கண்ணைக் கட்டினார். அவள் விரலைப் பிடித்து முதல் எழுத்தின் மேல் வைத்தார்.

"இது என்ன?"

"தெரியலீங்க சார்."

"இதுதான் அ. சொல்லு."

"அ" என்றாள் அனு.

ஆறாம் வகுப்புப் பாடத்தைத் தடங்கல் இல்லாமல் படிக்கிற பிள்ளை, கண்ணைக் கட்டிக்கொண்டு மறுபடியும் அகரத்திலிருந்து ஆரம்பித்தாள். இரண்டாவது எழுத்தைத் தொட்டுவிட்டு அதையும் அ என்றாள். தப்பு என்றதும் உதட்டைக் கடித்துக்கொண்டாள். ஒரு வருடம் முன்பு பால் சொசைட்டிப் பாயில் உட்கார்ந்து எழுத்துத் தெரியாமல் உதட்டைக் கடித்தபோது இருந்த அதே முகம். சாரதாமணி சத்தம் வராமல் அழுதாள்.

"டீச்சரம்மா" என்றார் அர்த்தநாரி, திரும்பாமலே. "புத்திசாலிப் புள்ளதானுங்க. ஆறு மாசத்துல புடிச்சுக்குவா. நீங்க அழுவறது எனக்குக் கேக்குதுங்க. அவளுக்கும் கேக்கும்."

சாரதாமணி வெளியே வந்துவிட்டாள்.

விடைபெறும்போது அனு அழவில்லை. ஒரு அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டு சாப்பாட்டு அறைக்கு அழைத்துப் போனாள். வாசல்வரை போய்த் திரும்பி அம்மாவைத் தேடினாள். மூக்கம்மாள் அவள் முகத்துக்கு நேரே இல்லாமல் சற்றுத் தள்ளி மரநிழலில் நின்றிருந்தாள். அனுவின் பார்வை அவளைக் கடந்து போனது. மூக்கம்மாள் கூப்பிட வாயெடுத்தாள், குரல் எழும்பவில்லை. அவள் நகர்ந்து நேரே வந்து நிற்பதற்குள் பிள்ளை உள்ளே போய்விட்டாள்.

இருவரும் சிங்காநல்லூரில் கரூர் பஸ் ஏறினார்கள். மூக்கம்மாள் ஜன்னலைப் பார்த்தபடி இருந்தாள். பல்லடம் தாண்டியதும் அவளாகவே பேசினாள்.

"டீச்சர், ஒன்னு சொல்றேன். மனசுல வச்சுக்கிறாதீக."

"சொல்லுங்க."

"இனிமே எங்க வீட்டுக்கு வராதீக."

சாரதாமணி அவள் முகத்தைப் பார்த்தாள். அதில் கோபம் இல்லை. களைப்புதான் இருந்தது.

"நீங்க புள்ளைக்கு எம்புட்டோ செஞ்சீக. நான் இல்லேங்கல. ஆனா உங்களப் பாக்குறப்பல்லாம் அன்னைக்குக் காலையில நடந்ததுதான் தெரியுது. அந்த மனுசன் அடிக்கிறாரு, இவ 'அம்மா தெரியலம்மா, தெரியலம்மா'ங்கா. நான் அடுப்படியில நின்னுக்கிட்டே இருந்தேன். டீச்சரே வந்து சொல்லிட்டாங்கன்னு நின்னேன். பெத்தவ நான். எனக்கே தடுமாத்தம் தெரியும். தெரிஞ்சும் நின்னேன்."

சாரதாமணிக்குத் தானும் அந்த அலறலைக் கேட்டதாக, இட்டேரியில் நின்றதாக, அப்புறம் நடந்துவிட்டதாகச் சொல்ல வேண்டும்போல இருந்தது. ஆறு மாதமாக யாரிடமும் அதைச் சொல்லவில்லை. இப்போது சொன்னால் அது இந்தத் தாயின் தலையில் இன்னொரு சுமையைத்தான் ஏற்றும்.

"சரிங்க. வரல" என்றாள்.

பொங்கலூரில் இறங்கினார்கள். ஊருக்குப் போகிற டவுன் பஸ் தயாராக நின்றது. மூக்கம்மாள் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்து இடத்தைக் காலியாக விட்டாள். சாரதாமணி படிவரை போனாள்.

"நீங்க போங்க. எனக்குக் கடைவீதியில ஒரு வேல இருக்குது" என்றாள்.

கடைவீதியில் அவளுக்கு ஒரு வேலையும் இல்லை. பஸ் கிளம்பிப் போனது. அவள் நிழற்குடையில் உட்கார்ந்தாள். அடுத்த பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் இருந்தது.